விசில் ஊதவா முதுகலைப் பட்டம்?

"விசில் ஊதுவதற்கு எதற்கய்யா எம்.பி.எட்.? அதற்கு மேலும் ஆராய்ச்சிப் படிப்பாம்!" - இப்படி ஏளனம் பேசுவோர் இராசபாளையத்து டீக்கடையிலும் உண்டு, திருவில்லிபுத்தூர்த் தேரடியிலும் உண்டு. பேசுகிறவர்கள் அனைவரும் பொல்லாதவர்கள் அல்லர். பெற்ற தகப்பனே பேசுகிறான்! இரவு ஷிப்டு முடிந்து, நூற்பு எந்திரத்தின் இரைச்சல் காதை விட்டு அகலாமல், பஞ்சு படிந்த தலையோடு வீடு திரும்பும் மில் தொழிலாளி, "பட்டம் ஒன்று வாங்கியாயிற்று, இனி ஏதேனும் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து நாலு காசு கொண்டு வா" என்கிறான் மகனைப் பார்த்து. அவனைக் கடிந்துகொள்ள மாட்டோம். அடுப்பெரிய வேண்டும், மகளுக்குத் திருமணம் ஆக வேண்டும், வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். ஆனால் உடற்கல்வி என்றால் விசில்தான் என்று அவனை நம்ப வைத்தார்களே, கணக்கு வாத்தியார் கேட்டால் விளையாட்டு வகுப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் ஆள்தான் 'பி.டி. வாத்தியார்' என்று ஆக்கி வைத்தார்களே, அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

என்ன படிப்பு அது? மூட்டை தூக்குகையில் முதுகெலும்பில் எங்கே பாரம் விழுகிறது, எட்டு மணி நேரம் நின்றால் கால் நரம்பு ஏன் புடைக்கிறது, ஓடுகிறவன் நெஞ்சு ஏன் துடிக்கிறது, ஓடாதவன் நெஞ்சு ஏன் ஒருநாள் நின்றே போகிறது - இவற்றை அளந்து, எடைபோட்டு, காரணம் காட்டும் அறிவியல். உடலியக்கவியல் என்போம் தமிழில். அமெரிக்காவில் 'கினிசியாலஜி' என்ற பெயரையே இத்துறைக்கு வைக்கலாமென 1989ஆம் ஆண்டில் அந்நாட்டு உடற்கல்வி அகாடமி பரிந்துரைத்தது. பெயர் வாயில் நுழையவில்லையே என்று அஞ்ச வேண்டாம். பொருள் நம் வீட்டுப் பொருள்.

எப்படி என்கிறீர்களா? இலண்டன் மாநகரத்து மாடிப் பஸ்ஸைக் கேளுங்கள். அங்கே ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இவர்களைக் கூர்ந்து ஆராய்ந்து, 1953இல் முடிவை வெளியிட்டார். மாரடைப்பு ஓட்டுநருக்கு அதிகம், நடத்துநருக்குக் குறைவு! உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதற்கு உலகம் நம்பத்தக்க சான்று அந்த மாடிப்படியில் கிடைத்தது. அத்தோடு அவர் விடவில்லை. தொடக்கத்திலேயே பருத்த ஆட்கள்தாம் ஓட்டுநர் வேலைக்குப் போனார்களோ என்ற ஐயம் வந்தது. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவைத் தேடி எடுத்தார். ஓட்டுநர்களின் அளவு முதலிலிருந்தே பெரிது என்பதையும் 1956இல் மறைக்காமல் எழுதினார். தன் முடிவைத் தானே குடைந்து பார்க்கும் இந்தத் துணிவைத்தான் முதுகலையும் ஆராய்ச்சிப் படிப்பும் கற்றுத் தருகின்றன. விசில் ஊதவா சொல்லித் தருகின்றன?

இலண்டன் வெகு தொலைவு என்றால், வங்காளத்துக்கு வாருங்கள். அதே 1956ஆம் ஆண்டில் ஜீன் மேயர் என்ற ஹார்வர்டு பேராசிரியர், ராய், மித்ரா என்ற இரு வங்காளத்தவரோடு சேர்ந்து, அங்கு ஒரு சணல் ஆலையின் 213 ஆட்களை ஆராய்ந்த செய்தி வெளியாயிற்று. கரி சுமப்பவன் எவ்வளவு உண்கிறான், நெசவாளி எவ்வளவு உண்கிறான், கடையில் உட்கார்ந்திருப்பவன் எவ்வளவு உண்கிறான் என்று கணக்கெடுத்தார்கள். உட்கார்ந்திருந்தவனின் சாப்பாடு, இலேசான வேலை செய்தவனுடையதை விட அதிகமாக இருந்தது, எடையும் கூடியிருந்தது! இன்றளவும் உலகத்துப் பாடநூல்கள் பேசும் ஆய்வு அது.

மேயர் மீது நமக்குக் குறையில்லை, நல்ல காரியம் செய்தார். நாம் கேட்பது வேறு. அளக்கப்பட்ட உடல் ஆலைத் தொழிலாளியுடையது. அளந்த கை அந்த ஆலைத் தொழிலாளியின் மகனுடையதாக ஒருநாள் ஆக வேண்டாமா?

இராசபாளையத்தில் நெடுங்காலமாக நூற்பாலை ஓடுகிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிகள் இரவும் பகலும் நெய்வது என்ன? காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி! எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ, எந்த ஆட்டக்காரன் முழங்காலிலோ சுற்றப்படும் துணி நம்மவன் நெய்தது. அந்த முழங்கால் ஏன் பிசகியது, மீண்டும் ஓட எத்தனை வாரமாகும் என்று சொல்லும் அறிவு மட்டும் நம் எல்லைக்குள் வரக் கூடாதோ?

இந்தக் கல்விக்குத் தமிழகம் புதிதன்று. 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது என்பர். குவாலியரில் கல்லூரி வந்தது 1957இல்தான். காரைக்குடி அழகப்பாவிலும் வந்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உடற்கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் தமிழகத்தில் எழுந்தது. இன்று மேலக்கோட்டையூரில் இருக்கிறது.

இருக்கிறது, சரி. இராசபாளையத்துப் பிள்ளை அங்கே போய்ச் சேர்வது எப்படி? எம்.பி.எட்.டுக்கு, 2014ஆம் ஆண்டு விதிப்படி, பி.பி.எட். போன்ற பட்டத்தில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், படிப்பு இரண்டாண்டு. ஓட்டமும் தாண்டலும் நம் பிள்ளைக்குத் தடையல்ல. தடை காகிதம்! அறிவிப்பு வந்தது தெரியாது. தெரிந்தபோது கடைசித் தேதி நாளை. சாதிச் சான்று இருக்கும், பட்டச் சான்று இராது. மாவட்டப் போட்டியில் வென்ற சான்றிதழ் மழையில் நனைந்து எழுத்தழிந்து கிடக்கும். எல்லாவற்றையும் விடக் கொடுமை ஒன்றுண்டு: அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, ஆண்டு முடியும் வரை தர மறுக்கும் சில தனியார் பள்ளி நிர்வாகங்கள். அடகுக் கடையிலாவது வட்டி கட்டினால் பொருளைத் திருப்பித் தருவான். இந்தப் பூட்டை உடைக்கக் கல்வி அதிகாரிகளுக்கு ஓர் ஆணை போதும். ஏன் போடவில்லை என்று கேட்கிறோம்.

வெளிநாடு செல்ல விரும்புகிறவனுக்கு வேறு வகைச் சோதனை. ஜி.ஆர்.இ. தேர்வைப் பல பல்கலைக்கழகங்கள் இப்போது கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆங்கிலத் தேர்வு உண்டு, விண்ணப்பக் கட்டணம் டாலரில் உண்டு. பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்பார்கள். நம் ஆசிரியர்கள் அன்பானவர்கள்; "நல்லொழுக்கமுள்ள மாணவன்" என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்திட்டு விடுவார்கள். அந்த வரியால் பயனில்லை. இவன் எதை அளந்தான், எதில் தவறி எப்படித் திருத்தினான் என்று எழுத வேண்டும். நோக்கக் கடிதம் என்று ஒன்று கேட்பார்கள். "சிறுவயது முதல் விளையாட்டில் ஆர்வம்" என்று தொடங்காதே தம்பி! ஆயிரம் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். திருவில்லிபுத்தூரில் அடுப்பனலில் நின்று பால்கோவா கிண்டுகிறவர் ஒரு பகலில் எவ்வளவு நீரை வியர்வையாய் இழக்கிறார், அதை ஈடுசெய்ய எதை எப்போது குடிக்க வேண்டும் என்று கேட்டு எழுது. தறி முன் நின்ற உன் அப்பாவின் முழங்காலைப் பற்றி எழுது. அந்தக் கேள்வி பணக்கார வீட்டுப் பிள்ளையிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது. அதைப் படித்து ஒரு பேராசிரியர் மனம் வைத்தால், கற்பிப்பு உதவியாளர் பணி தந்து கட்டணத்தைத் தள்ளி, மாதச் செலவுக்கும் வழி செய்யும் முறை அங்கே உண்டு.

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று வகுக்கப்பட்டது. கைத்தறி நெசவாளர் தெருக்களில் இது எத்தனை பேர் காதில் விழுந்தது? தெரியாமல் போவதால் மிச்சமாகும் பணத்தைச் சிக்கனம் என்று எவரும் சொல்லாதிருந்தால் சரி.

ஆகவே, தென்மாவட்டத்தில் உடலியக்கவியல் முதுகலைத் துறை ஒன்று அரசுச் செலவில் வேண்டும் என்கிறோம். அது வரும்வரை காத்திருக்கவா சொல்கிறோம்? இல்லை. பொதிகை வண்டி இரண்டு ஊரிலும் நின்றுதான் சென்னை செல்கிறது. தேர்வு நாளுக்கு ஒரு பிள்ளையை அனுப்பி வைக்கும் பயணச் செலவை ஆலைத் தொழிற்சங்கம் ஏற்கலாம். படிப்பகங்களில் மாலை நேரத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, படித்த தோழர் ஒருவர் - அறிவிப்பைச் சுவரில் ஒட்டவும், நனைந்த சான்றிதழுக்கு நகல் கேட்டு மனு எழுதவும், கடிதத்தைத் திருத்தித் தரவும் அது போதும். அடுத்த சேர்க்கை அறிவிப்பு வருமுன்பே இரண்டு ஊர்த் தோழர்களும் அந்த மேசையைப் போட்டுவிட வேண்டும்.