தனித் தட்டு எதற்கு?

போன வருஷம் உறவுக்காரர் வீட்டில் ஒரு பிறந்த நாள் விழா. கேக், ஐஸ்கிரீம், பாட்டு என்று குழந்தைகள் ஒரே கும்மாளம். என் பேரன் மட்டும் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தான். வயசு ஐந்து. அவனுக்குப் பால் அலர்ஜி. "பாட்டி, என் பொறந்த நாளுக்கும் நான் இப்படித் தனியாத்தான் சாப்பிடணுமா?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஓர் உண்மையையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டாக்டர் 'அலர்ஜி' என்று சொன்னபோது நம்பாதவள் நான்தான். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது? பாலும் நெய்யும் இல்லாம பிள்ளை எப்படி வளரும்?" என்று மருமகளிடம் வாதம் பண்ணினேன். ஒரு நாள் அவள் ஆபீஸ் போனதும், பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் விட்டுப் பிசைந்து ஊட்டிவிட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்தது. மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். "நெய்யிலயும் பாலோட புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும்மா. இவனுக்கு அந்தக் கொஞ்சமே போதும்" என்றார் டாக்டர். மருமகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்றைக்குக் கற்ற பாடத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அலர்ஜி உள்ள குழந்தைக்குத் தனிச் சமையல், தனித் தட்டு என்று ஒதுக்கி வைக்காதீர்கள். வீட்டுச் சமையலையே அந்தக் குழந்தைக்கு ஏற்றபடி மாற்றிவிடுங்கள். மனசுக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. இரண்டு சமையல் நடக்கிற அடுக்களையில் தயிர்க் கரண்டி சாம்பாருக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்?

நம் சமையலில் இல்லாததா?

'பால் இல்லாமல் என்ன சமைப்பது?' என்று மலைக்க வேண்டாம். இட்லி, இடியாப்பம், ஆப்பம், புட்டு, அடை... எதிலும் பால் தேவையில்லை. தாளிக்க நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பாயசத்தைக் குடித்துவிட்டுப் பசும்பால் எங்கே என்று யாராவது கேட்பார்களா? மோர்க்குழம்புக்குப் பதில் எலுமிச்சை ரசம் வைக்கிறோம். எங்களால் விட முடியாதது காபி ஒன்றுதான். அதற்குத் தனிப் பாத்திரம், தனி டம்ளர், தனி அலமாரி. ஆமாம், இப்போது தனிப் பாத்திரம் பெரியவர்களான எங்களுக்குத்தான்!

ஒன்றை மறக்கக்கூடாது. தேங்காய்ப்பால் ருசிக்குப் பாலின் இடத்தைப் பிடிக்கும்; சத்துக்குப் பிடிக்காது. புரதமும் கால்சியமும் அதில் குறைவு. அதனால் கேழ்வரகு, முருங்கைக்கீரை, பருப்பு வகைகளைத் தவறாமல் சேர்க்கிறோம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

வேறு அலர்ஜி உள்ள வீடுகளும் கவனிக்க வேண்டியது உண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஆகாத வீட்டில் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் வேர்க்கடலையின் புரதம் இருக்கும். பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, மீன், இறால் போன்றவை இருந்தால் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எள் அந்தப் பட்டியலில் இல்லை. எள் ஆகாதவர்கள், சேர்மானப் பட்டியலை முழுசாகப் படிப்பதே வழி.

அதே சமயம், வயிறு உப்பினால் எல்லாம் அலர்ஜி என்று நீங்களாகவே முடிவு கட்டிப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் போவது வேறு, அலர்ஜி வேறு. டாக்டர்தான் சொல்ல வேண்டும். பால் அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும். அதையும் டாக்டர் முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும்; என்னைப் போல அடுக்களையில் அல்ல! உதடு, நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் என்றால் சிரப் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசி கையில் இருந்தால் அவர் சொன்னபடி உடனே போட்டுவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாயை விட்டுக் கைக்கு வாருங்கள்

பேரனின் பிறந்த நாள் வந்தது. கொண்டாட்டம் என்றால் தின்பது மட்டும்தானா என்று யோசித்தோம். மொட்டை மாடியில் பாயை விரித்தோம். பனை ஓலையில் காத்தாடி, பூவரசு இலையில் பீப்பீ, களிமண்ணில் பொம்மை. சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நீல மை தயாரித்து, அதில் எலுமிச்சைச் சாறு சொட்டினால் ஊதாவாக மாறுமே, அதைப் பார்த்து வாண்டுகள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது! போகும்போது சாக்லேட்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு காத்தாடி, சின்ன மண் சட்டியில் ஒரு துளசிச் செடி.

இதிலும் சில எச்சரிக்கைகள். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணி விஷம்; கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மிளகை வைத்துவிடுங்கள். அரளிப் பூ, அரளி இலை வேண்டவே வேண்டாம். பார்த்தீனியச் செடியைக் குழந்தைகள் தொடக் கூடாது. தோலில் அரிப்பைக் கிளப்பும். கடையில் விற்கும் விளையாட்டு மாவில் கோதுமை இருப்பதுண்டு. அரிசி மாவு, உப்பு, மஞ்சள்தூள் போட்டு வீட்டிலேயே பிசைந்துகொள்ளலாம். வருகிற குழந்தைகளுக்கு எது ஆகாது என்று முன்கூட்டியே அவர்கள் அம்மாக்களிடம் கேட்டுவிடுங்கள்.

அன்றைக்குப் பாயசத்தை என் பேரனே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தான். "இது நானும் குடிக்கிற பாயசம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தான். என்னிடம் வந்தபோது, "பாட்டி, இதுல நெய் இல்லையே?" என்று கேட்டான். "சத்தியமா இல்லடா கண்ணா" என்றேன். மருமகள் சிரித்தாள்.

பெரியவர்களே, நம் நாக்கு ஒரு பிடி விட்டுக்கொடுத்தால் ஒரு குழந்தை ஓரத்து நாற்காலியை விட்டு எழுந்து வரும். இது என்ன பெரிய தியாகமா?