கணக்கீட்டில் 'ஏ' எடுத்த பிள்ளை ஏன் கணக்காய்வுக்கு வருவதில்லை?

உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கீட்டுக்கு 'ஏ' எடுக்கும் பிள்ளைகளுக்கு எமது பாடசாலைகளில் குறைவில்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ வர்த்தக பீடத்திலிருந்தும் வருடாவருடம் பட்டதாரிகள் வெளியேறுகிறார்கள். ஆனால் கம்பனிக் கணக்குகளைப் பரிசோதித்துக் கையொப்பமிடும் பட்டயக் கணக்காளராக எழுந்து வருவோரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று சொல்லிவிடுவது இலகு. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் அங்கத்துவம் பெறப் பரீட்சை மட்டும் போதாது. மூன்று வருடப் பயிற்சியும் வேண்டும். பெரிய கணக்காய்வு நிறுவனங்கள் இருப்பதோ கொழும்பில். பயிற்சிக் காலத்தில் கிடைப்பது சம்பளமல்ல, கொடுப்பனவு. கொழும்பில் வீடுள்ள பிள்ளைக்கு அது கைச்செலவுக்குப் போதும். கல்முனையிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ வரும் பிள்ளைக்கு அறை வாடகை, சாப்பாடு, வகுப்பு, பரீட்சைக் கட்டணம் என்று மாதாமாதம் வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் ஒரு சில மாதங்களில் 360ஐத் தொட்டு, விலைவாசியும் எகிறிய பின்னர் அது எத்தனை வீடுகளால் முடியும்?

மறுபுறம், கட்டாரில் கணக்காளராக இருக்கும் பக்கத்து வீட்டுப் பையன் றியாலில் அனுப்புகிறான். சீமா படித்தால் தேவையான அனுபவத்தைத் தனியார் கம்பனியின் கணக்குப் பிரிவிலேயே, வெளிநாட்டிலும்கூட, பெறலாம். காசுப்பாய்ச்சல் கூற்றுத் தயாரிக்கக் கற்ற பிள்ளை தன் வீட்டுக் காசுப்பாய்ச்சலைப் பார்க்காமலா முடிவெடுக்கும்?

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் இறுக்கமானது. பல கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதையொட்டிய காலத்தில் களஞ்சிய இருப்புக் கணக்கெடுப்பு, வெளியூர்ப் பயணம், இரவுவரை நீளும் வேலை. பாதுகாப்பான தங்குமிடம் இல்லாமல் எந்தப் பெற்றோர் சம்மதிப்பார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எமது வியாபாரிகள் பலருக்கு ஓடிட்டர் என்றால் வரிக் கோப்பைச் சரிசெய்து கொடுப்பவர்தான். வாப்பாவின் கடையில் அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அத்தொழில் மீது மதிப்பு எப்படி வரும்? 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் பள்ளிவாசல் நம்பிக்கைப் பொறுப்பாளர்களிடமும் கணக்குக் கேட்கிறது. அங்கும் அதை ஒரு சடங்காகவே பலர் பார்க்கிறோம்.

புலமைப்பரிசில் என்றவுடன் மருத்துவமும் பொறியியலும்தான் எமது நிதியங்களின் நினைவுக்கு வருகின்றன. கொழும்பில் பயிற்சிபெறும் பத்துப் பிள்ளைகளின் மூன்று வருட அறை வாடகையை ஏற்பது, கொழும்பிலேயே கடை வைத்திருக்கும் எமது வர்த்தகர் சங்கங்களுக்குப் பெரிய தொகையல்ல. பெண்களுக்கான ஒரு விடுதியையும் அவர்களால் நடத்த முடியும்.