மாறிக்கொள்வது யார் பொறுப்பு?

வேற்று நாட்டுக்குப் பிழைக்கப் போகிறவருக்கு ஊரார் சொல்லும் முதல் புத்திமதி, "போன இடத்துக்குத் தக்கபடி நடந்துகொள்" என்பதுதான். நல்ல புத்திமதிதான், ஆனால், பாதி உண்மையே அதில் இருக்கிறது. வந்தவர் எவ்வளவு மாறுகிறார், எப்படி மாறுகிறார் என்பதை அவர் வந்து சேர்ந்த இடமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. மலாக்காவில் தமிழர் குடியேறிய வரலாறே இதற்குச் சான்று. வெவ்வேறு காலங்களில் வந்த இரு பிரிவினருக்கு அங்கு இரு வேறு வாழ்க்கை அமைந்தது.

முதலில் வந்தவர்கள் வணிகர்கள். 15-ஆம் நூற்றாண்டில், மலாக்கா சுல்தான்களின் ஆட்சியில், துறைமுகத்தைக் கவனிக்க நான்கு ஷாபந்தார்கள் இருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களின் காரியங்களைப் பார்ப்பதும் அவர்களுள் ஒருவரின் பொறுப்பு. காற்றின் திசை மாறும்வரை கப்பல்கள் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களில் சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து, அங்கேயே தங்கிவிட்டனர். தாய் பேசிய மொழியே பிள்ளைகளின் மொழியாயிற்று.

அவர்களின் வழிவந்தவர்களே காஜா பேராங் பகுதியில் வாழும் மலாக்கா செட்டிகள். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். பெண்களின் மரபு உடை சாரோங் கெபாயா. எனினும், பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்னும் பெயர்கள் இன்னும் அவர்களிடையே வழங்குகின்றன. போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் இடுகின்றனர். ஜாலான் துக்காங் எமாஸ் சாலையில் 1781-இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இவர்களுடையது. "தமிழ் பேசாதவர்கள் எப்படித் தமிழர் ஆவார்கள்?" என்று இவர்களைப் பார்த்துச் சிலர் கேட்பதுண்டு. அது நியாயமான கேள்வி அன்று. தமிழ்ப்பள்ளி இல்லை, தாயகத் தொடர்பும் அறுந்துபோயிற்று. அந்நிலையில் பல தலைமுறைகளாக வழிபாட்டைக் கைவிடாமல் காத்ததே பெரிய செயல்.

அடுத்து வந்தவர்களின் கதை வேறு. 1896-இல் தான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் தங்கள் ஊர்க்காரர்களையும் உறவினர்களையும் கப்பலேற்றி அழைத்து வந்தனர். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது தொடர்ந்தது.

வந்தவர்கள் தங்கள் உடலைத்தான் முதலில் பழக்க வேண்டியிருந்தது. வெயில் ஏறினால் பால் சொட்டுவது குறைந்துவிடும். ஆகவே, இருட்டிலேயே எழுந்து பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரம் சீவப் போக வேண்டும். கொசுவும் மலேரியாவும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. ஆனால், மொழியை மாற்ற வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. கங்காணி தமிழர், லயத்தில் பக்கத்து வீட்டாரும் தமிழர், கோயிலும் கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. மொழிப்பற்று இருந்தது உண்மைதான். ஆனாலும், தோட்டத்தின் வேலி தமிழைக் காத்த அளவுக்கு மக்களை வெளியுலகிலிருந்து பிரித்தும் வைத்தது. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பல குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோதுதான் அந்த இழப்பின் அளவு தெரிந்தது. சொந்த நாட்டு நகரமே அவர்களுக்கு வேற்றூராக இருந்தது.

அந்த வேலியையும் தாண்டிச் சொற்கள் போய்வந்தன. மலாய்மொழியின் 'கெத்தா' தோட்டத் தமிழில் 'கித்தா' ஆயிற்று. 'கம்போங்' என்பது 'கம்பம்' ஆயிற்று. அதற்கு வெகுகாலம் முன்பே 'கடை' மலாயில் 'கெடாய்' ஆகியிருந்தது. 'கப்பல்' 'காப்பால்' என்று வழங்கியது. வரவேற்றவர்களும் மாறினார்கள் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

இன்று செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கின்றனர். அவர்களும் கடன்பட்டு வந்தவர்கள். ஊருக்குப் பணம் அனுப்பக் காத்திருப்பவர்கள். "நம் பழக்கவழக்கம் தெரியாதவர்கள்" என்று அவர்களைப் பற்றிக் கடைத்தெருவில் அலுத்துக்கொள்பவர்களில், கங்காணியுடன் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மருந்தகத்தில் தயங்கி நிற்கும் ஒரு வங்காளதேசத் தொழிலாளிக்கு மாத்திரையை எப்போது சாப்பிடவேண்டும் என்பதை எளிய மலாயில் மறுபடியும் ஒருமுறை சொல்ல, ஒரு நிமிடம்கூட ஆகாது.