சடங்கு மருந்தும் சட்டமும்

மேல்நாடுகளிலிருந்து இந்நாட்களில் ஒரு புதுவகை யாத்திரிகர்கள் புறப்பட்டிருக்கிறார்கள். கோபுரம் பார்ப்பது, புலி பார்ப்பது, தேயிலைத் தோட்டத்தின் நடுவே நின்று படம் எடுத்துக்கொள்வது இவற்றிலெல்லாம் இவர்களுக்குத் திருப்தி இல்லை. காட்டுவாசி வைத்தியர் ஒருவர் எதிரே இரவில் உட்கார்ந்து, அவர் பாட்டுப் பாடிக் கொடுக்கும் மூலிகையை அருந்தி, அற்புதக் காட்சிகள் கண்டு, மனக்காயம் ஆறி ஊர் திரும்ப வேண்டும் என்பதே இவர்கள் விருப்பம்.

தென்னமெரிக்காவில் பெரு தேசத்து இக்கித்தோஸ் நகரைச் சுற்றி இதற்கென்றே விடுதிகள் இருக்கின்றன. அங்கே கொடுக்கும் 'அயவாஸ்கா' என்னும் கஷாயம், ஒரு காட்டுக்கொடியையும் வேறொரு செடியின் இலையையும் சேர்த்துக் காய்ச்சுவது. முதலில் வருவது பெரும்பாலும் வாந்தி, காட்சிகள் பிறகுதான். இதைப் பற்றிய பழங்குடி அறிவைப் பெரு சர்க்கார் 2008-ல் தேசத்தின் கலாசாரச் செல்வமென்று அறிவித்தது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2006-ல் ஒரு சிறு சமயக் கூட்டத்தார் தங்கள் வழிபாட்டில் இதை அருந்தலாம் என்று அவர்கள் பக்கம் நின்றது. ஹாலந்து தேசத்து உச்ச நீதிமன்றமோ 2019-ல், சமயத்தின் பெயராலும் இதை இறக்குமதி செய்யக் கூடாது என்று தீர்த்துவிட்டது. இவ்வாறு ஒரே கஷாயம் ஒரு தேசத்தில் செல்வமாகவும், மற்றொரு தேசத்தில் குற்றமாகவும் இருக்கிறது.

பந்தலூர்ப் பக்கத்தில் தம் வீட்டின் ஒரு பகுதியைப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடும் அன்பர் ஒருவர், இம்மாதிரிச் சடங்குகளை நம் மலையில் நடத்தினால் சட்டம் குறுக்கே நிற்குமா என்று நம்மைக் கேட்டார். பட்டணத்து மனிதர் ஒருவர் வந்து, "உங்களிடம் காடு இருக்கிறது, ஆதிவாசிகள் இருக்கிறார்கள், இன்னும் என்ன வேண்டும்?" என்று யோசனை சொல்லிப் போனாராம். அந்த மனிதர் சொன்னதில் பாதி உண்மை. நீலகிரியின் மேற்கு ஓரத்தில், வயநாட்டை ஒட்டி இருக்கும் இந்தத் தாலுக்காவில் காடும் உண்டு. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடியிருப்புகளும் உண்டு. ஆனால் இவர்களை இன்னொருவர் தம் வியாபாரத்துக்குரிய சரக்காகக் கணக்கிடும்போது சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வருவது 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டம். அதன் 8-வது பிரிவு, வைத்தியத்துக்கும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் அல்லாமல், அதுவும் உரிய அனுமதி இல்லாமல், இப்பொருள்களை ஆக்குவதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் அருந்துவதையும் ஒருங்கே விலக்குகிறது. சடங்கு என்றோ சமயம் என்றோ விதிவிலக்கு ஒன்றும் அங்கே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அபினிச் செடியின் உலர்ந்த காயையும் தண்டையும் அலங்காரத்துக்காக ஏற்றுமதி செய்யலாம் என்று அதே பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது! பூச்சாடியை நினைத்த சட்டம் பூசாரியை நினைக்கவில்லை. அயவாஸ்காவிலுள்ள 'டி.எம்.டி.' என்னும் வஸ்துவும், மயக்கக் காளானிலுள்ள 'சைலோசைபின்' என்னும் வஸ்துவும் சட்டத்தின் அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

"சிவராத்திரியில் பாங்கு குடிக்கிறார்களே, அது எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. அது பக்திக்குக் கொடுத்த சலுகை அன்று. கஞ்சா என்பதற்குச் சட்டம் கூறும் இலக்கணத்தில் பூவும் காயும் உள்ள நுனிகள்தாம் அடங்கும். அவை கலவாத வெறும் இலை அடங்காது. ஆகவே இலை இந்தச் சட்டத்தின் வலையில் அகப்படாமல் நழுவி, அந்தந்த ராஜ்யத்துச் சட்டங்களின் கைக்குப் போய்விட்டது. இந்த இடுக்கு வழியாகக் காளானையும் கஷாயத்தையும் நுழைத்துவிடலாம் என்று நினைப்பது வீண்.

காளான் விஷயத்தில் அண்மையில் ஒரு குழப்பம் ஏற்பட்டிருக்கிறது. வயநாட்டில் 2024-ல் பிடிபட்ட ஒருவரிடம் 226 கிராம் மயக்கக் காளானும், அதை அடைத்த குப்பிகள் 50 கிராமும் இருந்தன என்பது வழக்கு. சைலோசைபினுக்கு 2 கிராமுக்குக் குறைந்தால் சிறு அளவு என்றும், 50 கிராமுக்கு மேற்பட்டால் வியாபார அளவு என்றும் கணக்கு. வியாபார அளவானால் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. தண்டனையோ 10 வருஷத்துக்குக் குறையாது, 20 வரையில் போகும். போதை வஸ்துவோடு வேறு பொருளைக் கலந்தால் மொத்த எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருந்தது. ஆனால் கேரள ஐகோர்ட்டு 2025 ஜனவரியில், காளான் இயற்கையாக விளையும் பொருள், யாரும் கலந்து செய்த கலவை அன்று. ஆகவே காளானின் முழு எடையை வஸ்துவின் எடையாகக் கொள்ளலாகாது என்று கூறி ஜாமீன் கொடுத்தது.

இந்தச் செய்தி மலைக்கு இப்பால் வந்து சேரும்போது "காளான் குற்றமில்லை என்று ஐகோர்ட்டு சொல்லிவிட்டது" என்று உருமாறியிருக்கிறது. கோர்ட்டு அப்படிச் சொல்லவில்லை. எடைக் கணக்கைப் பற்றிச் சொன்னது. ஜாமீனைப் பற்றிச் சொன்னது. காளானுக்குள் இருக்கும் வஸ்து குற்றப்பொருளாகவே இருக்கிறது. அந்த நம்பிக்கையில் யாராவது விடுதி திறந்தால், கொடைக்கானலில் காளான் விற்றுப் போலீசாரிடம் அகப்பட்டவர்களின் கதிதான் அவர்களுக்கும்.

இனி, யாருக்கு என்ன தண்டனை என்று பாருங்கள். இத்தகைய வஸ்துவை அருந்திய பிரயாணிக்கு 27-வது பிரிவின்படி அதிகபட்சம் ஆறு மாதம், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுத்தவருக்கு அளவைப் பொறுத்து ஒரு வருஷம், பத்து வருஷம், இருபது வருஷம். இடம் கொடுத்த வீட்டுக்காரரை 25-வது பிரிவு கவனித்துக்கொள்ளுகிறது: தெரிந்தே தம் வீட்டில் குற்றம் நடக்க அனுமதித்தவருக்கு, குற்றம் செய்தவருக்குரிய அதே தண்டனை. குற்ற மனம் இருந்ததாகவே கோர்ட்டு முதலில் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவர் பாடு. வெளிநாட்டார் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் வீட்டுக்காரருடையதே. ஆக, டாலர் கொடுத்துக் குடித்தவர் விமானம் ஏறிப்போக, ரூபாய் வாங்கிக் கிண்ணம் நீட்டியவர் சிறையில் இருக்க நேரும். அந்தக் கிண்ணம் யார் கையில் இருக்கும் என்று பட்டணத்து மனிதர் திட்டம் போட்டிருக்கிறார்? காட்டுநாயக்கர் முதியவர் ஒருவர் கையில்!

இந்த இடத்தில் மெக்ஸிகோ தேசத்து மரியா சபீனாவின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உவாவுத்லா என்னும் மலையூரில், மஸதேக் குலத்தில் பிறந்த ஏழை மூதாட்டி அவர். நோயாளிகளுக்காகக் காளான் உண்டு இரவெல்லாம் பாடி, நோயின் காரணம் அறிவது அவர் மரபு. 1955-ல் நியூயார்க் பாங்கி அதிகாரி ஒருவர், வாஸன் என்பவர், அங்கே போனார். ஊரில் விட்டுவந்த மகனைப் பற்றிக் கவலை என்று சொல்லிச் சடங்கில் இடம் பெற்றார். 1957 மே மாதம் 'லைப்' என்னும் சித்திரப் பத்திரிகையில் படங்களோடு கட்டுரை எழுதினார். (சித்திர வாரப் பத்திரிகைகளால் விளையும் நன்மைகளை மட்டும் பேசுவது நியாயமன்றே!) மூதாட்டியின் பெயரையும் ஊரையும் அவர் மாற்றித்தான் எழுதினார், அதனால் ஒன்றும் பயனில்லை. மறு வருஷமே ஸ்விட்ஜர்லாந்தில் ஹாப்மன் என்ற ரசாயன சாஸ்திரி காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். பின்பு நாகரிக வாலிபர்கள் கூட்டம் கூட்டமாக உவாவுத்லாவுக்கு ஏறினார்கள். போலீசும் பின்னால் ஏறியது. ஊரார் தங்கள் மரபு சந்தைக்கு வந்ததற்குச் சபீனாவே காரணம் என்று வெறுத்தார்கள்; அவருடைய வீடு கொளுத்தப்பட்டது. உலகப் புகழும் கொடிய வறுமையுமாக 1985-ல் அவர் இறந்தார். காளானைத் தேடி வந்தவர்களில் நோயாளி யாரும் இல்லை, எல்லாரும் கடவுளைத் தேடுகிறோம் என்றே வந்தார்கள் என்பது அவருக்கு இருந்த குறை.

நம் மலைப் பழங்குடிகளின் வைத்தியமோ இந்த வகையைச் சேர்ந்ததே அன்று. எலும்பு முறிவுக்குப் பட்டை, காய்ச்சலுக்கு வேர், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று அன்றாட வாழ்வோடு ஒட்டியது அது. கொட்டும் பாட்டுமாக முன்னோரை அழைப்பது வேறு. அது அவர்களுடைய இறந்தவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள பேச்சு. அதில் அயலார் டிக்கெட்டு வாங்கி உட்கார இடமில்லை. பெருவின் கஷாயத்தை நீலகிரியின் பெயரில் விற்பது மோசடி என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. வயநாட்டு வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஜன்மிகள் பணியரை ஒரு வருஷ வேலைக்கு அமர்த்திக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. 1976-ல் கொத்தடிமை முறையைச் சட்டம் ஒழித்தது. இப்பொழுது ஒரு வருஷத்துக்குப் பதிலாக ஓர் இரவுக்கு அமர்த்தப் பார்க்கிறார்கள் போலும். இதற்காக மேல்நாட்டாரை மட்டும் நோவது சரியன்று. தரகு பேச வந்தவர் நம் தேசத்தவர், நம் பாஷை பேசுபவர்.

விளம்பரம் செய்வோருக்கு 1954-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று காத்திருக்கிறது. புற்றுநோய், நீரிழிவு, கால்கை வலிப்பு, பைத்தியம் முதலான நோய்களை மருந்தாலோ மந்திரத்தாலோ தீர்ப்பதாக விளம்பரம் செய்தால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை. நேர் வழியில் நம் வைத்தியத்தை நாடி வருபவர்களுக்கோ கதவு திறந்தே இருக்கிறது. சித்தம், ஆயுர்வேதம் முதலிய சிகிச்சைக்கென்றே 2023-ல் 'ஆயுஷ் விசா' என்று தனியாக ஒன்று ஏற்பட்டிருக்கிறது.

இவையெல்லாம் தடுக்கும் சட்டங்கள். கொடுக்கும் சட்டங்களும் இரண்டு உண்டு. அவற்றைப் பற்றித்தான் பந்தலூரில் பேச்சே காணோம். 2002-ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி, நம் தாவரங்களையோ அவற்றைச் சார்ந்த அறிவையோ ஆராய்ச்சிக்காவது வியாபாரத்துக்காவது எடுத்துக்கொள்ளும் வெளிநாட்டார், சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முன்கூட்டி அனுமதி பெற வேண்டும். வரும் லாபத்தில் அறிவுக்குரியவர்களுக்குப் பங்கும் உண்டு. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டுச் செல்வத்தைப் பற்றிய மரபறிவு அச்சமூகத்தின் கூட்டுச் சொத்து என்று ஒப்புக்கொண்டிருக்கிறது.

இது ஏட்டளவில் நின்ற பேச்சன்று. 1987-ல் அகஸ்திய மலையில் ஏறிய விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டார்கள். தயங்கித் தயங்கி அவர்கள் காட்டிக்கொடுத்த செடிதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஸ்தாபனம் அதைக்கொண்டு 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்து, 1995-ல் கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு உரிமை கொடுத்தது. 10 லட்சம் ரூபாயும், விற்பனையில் நூற்றுக்கு 2 வீதமும் பேசி, அதில் சரிபாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. 1997-ல் காணிகள் தங்களுக்கென்று ஒரு டிரஸ்டு அமைத்துக்கொண்டார்கள். பல்லுயிர்ச் சட்டம் பிறப்பதற்கு முன்னே நடந்த காரியம் இது! குறைகளும் இருந்தன, செடியைச் சேகரிக்கக் காட்டிலாகா தடை சொன்னது. ஆயினும், காட்டிக்கொடுத்தவனுக்குப் பங்கு உண்டு என்பது நம் தேசத்தில் ஒரு தடவை எழுத்தில் ஏறிவிட்டது.

ஒன்று மட்டும் நமக்குச் சம்மதமாயில்லை. பல்லுயிர்ச் சட்டத்தை மீறினால் முன்பு ஐந்து வருஷம் வரை சிறை இருந்தது. 2023-ல் செய்த திருத்தம், 2024 ஏப்ரல் 1 முதல், சிறையை நீக்கி அபராதத்தோடு நிறுத்திவிட்டது: ஒரு லட்சம் முதல் 50 லட்சம் வரை, பெருநஷ்டமானால் அதற்கும் மேல். கம்பெனிக்காரருக்கு அது ஒரு செலவுக் கணக்கு. பணியர் பையன் ஒருவன் பிரயாணிக்காகப் பையில் காளான் சுமந்தால் அவனுக்குச் சிறை; பிரயாணி ஒருவர் அவன் பாட்டியின் மருந்தறிவைச் சுமந்து போனால் அவருக்கு ரசீது. இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்து ஒரே தராசில் நிறுத்துப் பார்த்த சட்டசபை அங்கத்தினர் யாராவது உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

உள்ளூரில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஊராட்சியிலும் நகராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, செடி கொடிகளையும் அவற்றைப் பற்றிய அறிவையும் மக்கள் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது சட்டம். நெல்லியாளம் நகராட்சியாரிடமும், சேரங்கோடு முதலிய ஊராட்சிகளிலும் அப்பதிவேட்டைக் காட்டும்படி யாரும் கேட்கலாம். ஊராட்சிகளில் அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. அன்றைக்குப் பணியரும் காட்டுநாயக்கரும் வந்து உட்கார இடம் விட்டு, எழுதியிருப்பது சரிதானா, எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவர்களையே கேட்டு எழுதச் சொல்ல வேண்டும். பட்டணத்து மனிதர் மறுபடியும் வந்தால் அன்பர் அவரை அந்தச் சபைக்கே அழைத்துக்கொண்டு போகட்டும். தம் யோசனையை அங்கே அவர்கள் எதிரில் சொல்லட்டும்.