இல்லத்தின் மூளை எங்கே?

மின்விளக்கு, நீர்ப்பம்பி, படலைக் கமரா ஆகியவற்றை ஒருங்கே ஆளும் மையக் கருவியை நம்மவர் சிலரும் இன்று நாடுகின்றனர். அதனை வாங்குமுன் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: கருவியின் மூளை வீட்டிலா, கடல் கடந்த கணினியிலா?

அமெரிக்காவில் 300 டொலர் வரை விலைபோன 'ரிவோல்வ்' என்னும் கருவி, அதன் உரிமையைப் பெற்ற 'நெஸ்ட்' நிறுவனம் 2016இல் சேவையை நிறுத்தியதும் வெறும் பெட்டியாயிற்று. நாமோ 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டை அறிவித்த நாட்டில் வாழ்கின்றோம்; மின் போனால் இணையமும் போவதை அறிவோம்.

ஆதலின், இணையமின்றியும் இயங்குவதும், பல நிறுவனப் பொருள்களையும் இணைக்கும் 'மற்றர்' என்னும் பொது நியமத்தை ஏற்பதுமான கருவியையே தேர்வோமாக. அதற்கொரு மின்கலமும், விளக்குகளுக்குக் கையால் அழுத்தும் ஆளியும் உடனிருக்கட்டும். நம் வீட்டு விளக்கை ஏற்றுதற்கு அயலாரின் அனுமதி எதற்கு?