வெய்யிலுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

நமது சங்கங்களின் கணக்குப் புத்தகங்களில் வரவுக்கும் செலவுக்கும் பத்தி உண்டு. அசலுக்கும் வட்டிக்கும் பத்தி உண்டு. தவணை தவறிய பாக்கிக்குத் தனிப் பதிவேடே உண்டு. ஆனால் அந்தப் பாக்கிகளில் பலவற்றுக்குக் காரணமாக நிற்கும் வெய்யிலுக்கும் மழைக்கும் எந்த ஏட்டிலும் இடமில்லை. “பருவம் பொய்த்தது” என்று குறிப்புக் கலத்தில் இரண்டு சொற்களை எழுதுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. எந்தப் பருவம், எத்தனை நாள், எவ்வளவு பொய்த்தது என்று மேலதிகாரி கேட்டால் காரியதரிசி விழிக்க நேரிடும். இந்தக் குறை இனியும் நீடிப்பது சங்கங்களுக்கு நல்லதன்று என்பது என் துணிபு.

சேலத்து வெய்யிலும் நாமக்கல் வறட்சியும் புதியவையா என்று மூத்த அங்கத்தினர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. 1925ஆம் ஆண்டில் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியபோது, மழையின்றி வாடிய அவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இராட்டையே கைகொடுத்தது. ஆகவே வறட்சியை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். ஆனால் ஒரு கோடை கடுமையாக இருப்பது வேறு. கோடைகளின் சராசரியே மேலேறுவது வேறு. ஓர் அங்கத்தினர் ஓர் ஆண்டு தவணை தவறினால் அதற்கு அவர் வீட்டுக் காரணம் ஏதேனும் இருக்கும். சங்கத்தின் மொத்த நிலுவை விழுக்காடு பத்தாண்டுகளாகப் படிப்படியாக ஏறிவந்தால் அது வீட்டுக் காரணமாகாது. சீதோஷ்ண நிலையையும் அவ்வாறே சராசரியைக் கொண்டு பார்த்தல் வேண்டும்.

இந்திய நாட்டின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 1901 முதல் கிடைக்கும் கணக்கில் மிக வெப்பமான ஆண்டு 2024 என்று வானிலை இலாகா அறிவித்தது. அவ்வாண்டின் சராசரி, 1991 முதல் 2020 வரையிலான முப்பதாண்டுச் சராசரியைவிட 0.65 டிகிரி அதிகம். முக்கால் டிகிரிக்கு இவ்வளவு ஆரவாரமா என்று எண்ணுவோர், பால் சங்கத்தின் வாசலில் ஒரு காலை நேரம் நின்று பார்க்கலாம். கொழுப்பு 4.3 என்று வரவேண்டிய பால் 4.2 என்று வந்தால், அந்தப் பத்தில் ஒரு பங்குக்காக எவ்வளவு வாக்குவாதம் நடக்கிறது! புள்ளிக்குப் பின்வரும் எண் தம் பையைத் தொடும்போது அதன் மதிப்பை அறியாத குடியானவர் எவரும் இலர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கொரியாவின் தென்பகுதியில் 1973 முதல் வைத்துவரும் கணக்கில் 2024ஆம் ஆண்டின் சராசரியான 14.5 டிகிரியே மிக உயர்ந்தது. ஜப்பானில் 2023, 2024, 2025 ஆகிய மூன்று கோடைகளும் அந்நாடு 1898 முதல் குறித்துவரும் கோடைகளுள் மிக வெப்பமானவை. அங்கே நீகாதா மாவட்டத்து நெல் நம் நாட்டுச் சீரகச் சம்பாவைப் போலப் பெயர் பெற்றது. 2023ஆம் ஆண்டுக் கோடையில் அந்த நெல்லின் மணிகள் பால் பிடிக்கும் பருவத்தில் வெப்பம் தாக்கவே, அரிசி சுண்ணாம்புபோல் வெளுத்து, முதல் தரம் பெற்றது மிகச் சிறு பங்கே ஆயிற்று. வெப்பம் தாங்குவதற்கென்றே உருவாக்கிய ‘ஷின்னொசுகே’ என்னும் வகை அவ்வாறு கெடவில்லை. பின்னர் அரிசி விலை ஏறி, 2025ஆம் ஆண்டில் அரசாங்கம் சேமிப்புக் கிடங்கைத் திறக்க வேண்டியதாயிற்று. ஜப்பானியக் குடியானவர் பெரும்பாலும் வேளாண்மைக் கூட்டுறவுகளின் அங்கத்தினர். நம்மினும் வசதி மிக்கவர். அவர்களுக்கே இக்கதியென்றால், நாம் முன்கூட்டியே ஆலோசிப்பது தவறாகாது.

வெப்பம் என்றவுடன் நண்பகலையே நினைக்கிறோம். பயிருக்கு இரவும் முக்கியம். பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானியோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தம் வயல்களின் 1979 முதல் 2003 வரையிலான கணக்கை ஆராய்ந்து 2004இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பயிர்க்காலத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நெல் விளைச்சல் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைகிறது என்பது அது. பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் பயிர் சுவாசித்தே செலவழித்துவிடுகிறது என்பது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. இரவு குளிராவிட்டால் தறியில் உட்காருபவனுக்கும் உறக்கமில்லை என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

இனி நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் சேலத்திலும் ஈரோட்டிலும் கரூர்ப் பரமத்தியிலும் வெப்பம் பல நாட்கள் 40 டிகிரியைத் தாண்டியது. (செய்தித்தாளில் ‘பரமத்தி’ என்று கண்டு நம் பரமத்தி வேலூர் என்று எண்ணுவோர் உளர். அளவு நிலையம் உள்ளது காவிரிக்கு அப்பாலுள்ள கரூர் மாவட்டத்துப் பரமத்தி. நம் பரமத்தி அதைவிடக் குளிர்ந்தது என்று நிரூபிக்கவும் நம்மிடம் ஏடு இல்லை!) அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் கரையேறி, டிசம்பர் தொடக்கத்தில் உள்நாட்டுக்கு வந்தது. ஏற்காட்டு மலையில் பெருமழை. அண்டை மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். வறுத்ததும் வெள்ளமிட்டதும் ஒரே ஆண்டு. காற்று ஒரு டிகிரி வெப்பமானால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு அதிக நீராவியைத் தாங்க வல்லது. ஆகவே பெய்தால் கொட்டித் தீர்ப்பதும், பெய்யாவிட்டால் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சுவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளே.

மரவள்ளிப் பயிரை எடுத்துக்கொள்வோம். வறண்ட வெப்பம் மாவுப்பூச்சிக்கு விருந்து. 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியையும் மல்பெரியையும் பற்றிக்கொண்டது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்துப் பரப்பிய பின்னரே அது அடங்கிற்று. பின்னர் 2020இல் கேரளத்துத் திருச்சூரில் மற்றொரு இனமான மரவள்ளி மாவுப்பூச்சி காணப்பட்டு, விரைவிலேயே சேலம், நாமக்கல் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. இம்முறை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவியைக் கொணர்ந்து, 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சேலம் மாவட்டத்திலிருந்து அதை விடத் தொடங்கினர். ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் இப்பணியில் துணை நின்றது. பூச்சி வந்ததற்கு வெப்பம் ஒன்றே காரணம் என்று நான் கூறவில்லை. வந்த பூச்சி பெருகுவதற்கு நீண்ட வறட்சி உதவுகிறது. ஜவ்வரிசி காயப்போடும் களத்துக்கு வெய்யில் வரம்தான். ஆனால் கிழங்கு விளைந்தால் அன்றோ களம் நிறையும்?

வாய்க்கால் பாசனத்தார் நிலையும் இதுவே. மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களில் ஆகஸ்டு 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாட்கள் நீர் விடுவது நெடுநாள் வழக்கம். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் இதை நம்பியிருக்கிறது. டெல்டாவுக்கு அணை திறக்கும் நாளான ஜூன் 12ஐப் பாருங்கள்: 2017இல் அக்டோபர் 2 ஆயிற்று, 2022இல் மே 24, 2024இல் ஜூலை 28, 2025இல் மீண்டும் ஜூன் 12. இதற்கெல்லாம் வானத்தை மட்டும் குறைகூறல் தகாது. மாநிலங்களுக்கிடையேயான நீர்ப் பங்கீட்டு வழக்கும் இதில் கலந்துள்ளது. எனினும் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சொல்லிவந்த நாட்டில் பட்டமே தேடப்படும் பொருளாகிவிட்டது. நாமோ கடன் தவணையைப் பழைய பஞ்சாங்கத்தின்படியே விதிக்கிறோம்.

நெசவாளர் சங்கங்கள் கைத்தறித் துறையின் மேற்பார்வையில் உள்ளவை. ஆயினும் அம்மாபேட்டை, இளம்பிள்ளை, இராசிபுரம் போன்ற இடங்களில் ஒரே வீட்டில் அண்ணன் தோட்டத்திலும் தம்பி தறியிலும் இருப்பதால், அவர்களைப் பற்றியும் சொல்லுவது முறையே. வெய்யில் தோட்டக்காரனுக்குச் செய்யும் கெடுதலை ஊர் காண்கிறது. நெசவாளனுக்குச் செய்வதை அவன் மனைவியும் மக்களுமே காண்கின்றனர். பருத்தி நூல் ஈரம் உள்ளவரை வலிவுள்ளது. காற்று வறண்டால் நூலும் வறண்டு இழை அறுகிறது. தறிக்குழி தோண்டிய நம் முன்னோர் இதை நன்கு அறிந்தவர். மண்ணின் ஈரம் பாவுக்கு ஏறட்டும் என்பதும் குழித்தறியின் பயன்களுள் ஒன்று. பெரிய ஆலைகளில் ஈரப்பதம் காக்க யந்திரங்கள் உண்டு. கூரை வீட்டுத் தறிக்கு அக்குழியும் ஒரு குடம் தண்ணீருமே யந்திரம். வீதியில் பாவை நீட்டிக் கஞ்சி போடும் வேலையும் அவ்வாறே. விடியுமுன் தொடங்கி, வெய்யில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். கஞ்சி நூலில் ஊறுமுன் காய்ந்துவிட்டால் பாவு மொரமொரத்துப்போகும். வெய்யில் முன்னதாக ஏறினால் வேலை நேரம் சுருங்குகிறது. எதிர்பாராத மழை வந்தால் அன்றைய நாளே போயிற்று.

கூலியோ நாளுக்கன்று, புடவைக்கு. பங்குனியில் ஆறு நாளில் நெய்த புடவை சித்திரையில் எட்டு நாள் எடுத்தால், அந்த இரண்டு நாளுக்கும் கூலி கிடையாது. அறுந்த இழையைப் பிணைக்கும் நேரத்தை எந்தக் கூலி விகிதமும் கணக்கிடுவதில்லை. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்களில் தகரக் கூரையின் கீழ் நிற்போர் நிலையையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். பட்டு நெய்வோர் தமக்கு இது பொருந்தாது என்று எண்ணலாகாது. 24 முதல் 28 டிகிரி வரையிலான இதமான சூட்டில் வளர வேண்டிய பட்டுப்புழு, வளர்ப்பு மனை கொதித்தால் நோயுறுகிறது. கூடு மெலிந்தால் வெண்பட்டு வேட்டிக்குரிய நூலின் விலை ஏறும்.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம் இல்லையா என்றால், இருக்கும் பரிகாரங்கள் திடீர்ச் சேதத்துக்கு ஏற்றவையே. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. பாராட்டத்தக்க ஆணை, ஆனால் இழந்த தறிநாளுக்கு அதில் இடமில்லை. பேரிடர் நிவாரணத்துக்கும் பயிர்க்கடனைத் திருத்தி அமைப்பதற்கும் 33 விழுக்காடு சேதம் வேண்டும். ஆண்டுதோறும் பத்து, பன்னிரண்டு என்று தேயும் விளைச்சல் அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. பயிர்க் காப்பீட்டில் மற்றொரு நுட்பம் உண்டு. அதை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். உத்தரவாத விளைச்சல் என்பது கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தாண்டுகளின் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுவது. விளைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்தால் அந்தச் சராசரியும் கூடவே தேயும். நஷ்டம் நிலைத்துவிட்டால் அதுவே வழக்கமான விளைச்சல் என்று கணக்கு ஏற்றுக்கொள்கிறது! தோட்டப் பயிருக்கு 5 விழுக்காடு கட்டணம் செலுத்துபவர் இதை அறிந்தே செலுத்துதல் நன்று. காப்பீடு வேண்டாம் என்பது என் கருத்தன்று. அதை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பதே.

இந்நிலையில் சங்கம் என்ன செய்யலாம்? முதலாவது ஒரு பதிவேடு. கோழிப் பண்ணையார் இதில் நம்மைவிட முந்திவிட்டனர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாவட்ட வானிலையைக் கணித்து, தீவனம் எவ்வாறு இடுவது, கொட்டகையில் நீர் எவ்வாறு தெளிப்பது என்று அவர்களுக்குத் தவறாமல் அறிவுரை கூறுகிறது. வெப்பத்தில் கோழி தீவனத்தைக் குறைத்தால் முட்டை குறையும் என்பதை அவர்கள் ரூபாயில் கணக்கிட்டுவிட்டனர். நாம் கணக்கிடவில்லை, அதனால்தான் நமக்கு அறிவுரை கூறுவாரும் அரிதாயினர். வெறும் குறையாக எழுதும் மனு கோப்பில் உறங்குவதை நான் பல முறை கண்டிருக்கிறேன். ஐந்தாண்டுக் கணக்கோடு வரும் மனுவை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது.

அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று காரியங்களைக் கேட்கலாம். பயிர்க்கடனின் தவணை நாளை மெய்யாக விதைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். இல்லையேல் வாய்க்கால் தாமதத்தால் பிந்தி அறுப்பவன் வட்டிச் சலுகையை இழக்கிறான். சித்திரை, வைகாசியில் துணி ஒப்படைக்கும் கெடுவை நீட்டி, புடவைக் கூலியில் கோடைப்படி ஒன்றைச் சேர்க்க வேண்டும். தறிக்கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசச் சிறு கடன் தர வேண்டும். இந்த மூன்றாவதைக் கேட்டுச் சிலர் நகைப்பர். துணி ஆலைகளுக்குப் பேர்போன அகமதாபாத்தில் 2010ஆம் ஆண்டு மே மாத வெப்பம் நூற்றுக்கணக்கானோரைப் பலி கொண்டது. 2013இல் அந்நகரத்தார் வெப்பத்துக்கென்றே ஒரு செயல் திட்டம் வகுத்தனர். ஏழைகளின் கூரையை வெள்ளையடிப்பது பின்னர் அத்திட்டத்தில் இடம்பெற்றது.

பதிவேடு தொடங்கப் பெரும் செலவில்லை. ஒரு வெப்பமானி, ஒரு மழைமானி, கோடிட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வெப்பமானியை வெய்யில் படாத வடக்குச் சுவரில், தரையிலிருந்து ஆளுயரத்தில், காற்றோட்டமாக மாட்ட வேண்டும். தகரத்தின் கீழோ சமையல் அறைக்கு அருகிலோ வைத்தால் பொய்க் கணக்கு வரும். விடியற்காலையில் ஒன்று, பிற்பகல் இரண்டரை மணியளவில் ஒன்று என்று நாள்தோறும் இரண்டு முறை குறித்தல் வேண்டும். மழை பெய்திருந்தால் காலை எட்டரை மணிக்கு அதன் அளவு. நெசவாளர் சங்கமாயின் ஏதேனும் ஒரு தறி வீட்டின் உள்ளேயும் ஒன்று மாட்டி, அன்று எத்தனை இழை அறுந்தது என்பதையும் எதிரே எழுதலாம். விடுமுறை நாளில் குறிப்பதற்குப் பொறுப்பாளர் யார் என்பதைத் தீர்மானத்திலேயே பெயர் சொல்லி எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் யாவும் காலியாகவே இருக்கும். புத்தகத்தை அலமாரியில் பூட்டாமல், கடன் கேட்டு வரும் எந்த அங்கத்தினரும் புரட்டிப் பார்க்கும்படி மேசைமீது வைக்க வேண்டும்.