ஸ்க்ரூ எங்கே லூஸ்?

மெரினாவில் பலூன் சுட்டிருக்கிறீர்களா? மணலில் ஒரு பலகை, அதில் வரிசையாகப் பலூன்கள், உங்கள் கையில் ஒரு கிழட்டு ஏர் ரைஃபிள். மச்சினியோ மானேஜரோ பக்கத்தில் நிற்கிற நேரம் பார்த்து, சிவப்புக்குக் குறி வைத்தால் மஞ்சள் வெடிக்கும். 'நான் மஞ்சளைத்தான் சுட்டேன்' என்று சமாளிப்பது நம் மரபு. கடைக்காரர் முள்ளை வளைத்து வைத்திருக்கிறார் என்று ஒரு சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. அவர் வளைக்கவே வேண்டாம் ஸார். இத்தனை பேர் கை மாறி, கீழே விழுந்து எழுந்திருக்கும் துப்பாக்கியில் முள் தானாகவே வளைந்துகொள்ளும்.

அந்தத் துப்பாக்கியிலும் ஜெயிக்க வழி உண்டு. முதல் மூன்று குண்டுகளையும் ஒரே இடத்துக்குக் குறி வைத்துச் சுடுங்கள். மூன்றும் ஒரு ஜாண் இடது பக்கம் போனால் கவலையே வேண்டாம், அடுத்ததை ஒரு ஜாண் வலது பக்கம் வையுங்கள், வெடிக்கும். ஒன்று இடது, ஒன்று மேலே, ஒன்று வங்காள விரிகுடா என்று போனால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சுண்டல் சாப்பிடப் போகலாம்.

பி.காம். படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். டிரையல் பாலன்ஸில் வித்தியாசம் எத்தனை முறை கூட்டினாலும் ஒரே தொகையாக நின்றால் தப்பைப் பிடித்துவிடலாம். கூட்டும்போதெல்லாம் வேறு வேறு தொகை வந்தால் லெட்ஜரைக் குறை சொல்லக்கூடாது, கூட்டுகிற ஆளைப் பார்க்க வேண்டும்.

என் நண்பர் ஒருவர் லெட்ஜரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள், அதன் மேல் ஒரு ஸ்கோப். சொந்த ஊர்த் தோட்டத்தில் கனமான மண் சுவருக்கு முன்னால் அட்டையை வைத்துச் சுடுவார். (மண் சுவர் முக்கியம். வெறும் காற்றுத் துப்பாக்கிதானே என்று வேலியைப் பார்த்துச் சுடாதீர்கள். குறி தப்பிய குண்டு பக்கத்து வயலுக்கும் போகும்.) குண்டு சிதறியது. ஸ்கோப் பழுது என்று புதிதாக ஒன்று வாங்கினார். அதிலும் சிதறியது. தீபாவளி போனஸில் மூன்றாவது வாங்கப் போவதாகச் சொன்னார். அவர் மனைவிக்கு அந்த போனஸில் ஒரு மிக்ஸி தெரிந்தது. வீட்டில் பேச்சுவார்த்தை நின்று நான்கு நாள் ஆகியிருந்தது.

குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கச் சொன்னேன். மரக் கட்டையையும் இரும்பையும் சேர்க்கிற முன்பக்க ஸ்க்ரூக்கள் இரண்டும் விரலால் திருப்பினாலே திரும்பின. ஸ்கோப்பைப் பிடிக்கிற கிளாம்ப் ஒரு நெல் அளவு பின்னால் நகர்ந்திருந்தது.

காரணம் அந்த ஸ்பிரிங். விசையை அழுத்தியதும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் போய் முட்டியதும் அதே துப்பாக்கி முன்னால் உதறுகிறது. இப்படி இரண்டு பக்கமும் குலுங்கினால் எந்த ஸ்க்ரூதான் தாங்கும்? பின்னால் மட்டும் உதைக்கிற பெரிய வேட்டைத் துப்பாக்கிக்கென்று செய்த விலை உயர்ந்த ஸ்கோப்கூட இந்த ஏழைத் துப்பாக்கியின் மேல் உட்கார்ந்து உள்ளே கழன்று போவதுண்டு. ஏர் ரைஃபிளுக்கென்றே செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்க்ரூக்களை முறுக்கியாயிற்று (பலம் முழுவதையும் காட்டாமல்). அடுத்தது ஆள். இறுக்கிப் பிடித்தால் அந்தக் குலுக்கல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் திரும்பும். பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி இடது உள்ளங்கையில் சும்மா கிடக்க விட வேண்டும். மேஜை விளிம்பில் சாய்த்துச் சுடுவதும் கூடாது. குண்டையும் மாற்றிப் பாருங்கள். ஒரே துப்பாக்கி ஒரு கம்பெனி டப்பாவை விரும்பும், இன்னொன்றைத் துப்பும்.

ஐந்து குண்டும் ஒரு காசு அகலத்துக்குள் விழ ஆரம்பித்த பிறகுதான் ஸ்கோப்பின் குமிழைத் தொட உரிமை. அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பெரும்பாலான ஸ்கோப்களில் ஒரு 'க்ளிக்' என்பது நூறு கஜத்தில் கால் அங்குலம். நீங்கள் சுடுவது பத்து கஜத்தில். அங்கே ஒரு க்ளிக் நாற்பதில் ஒரு பங்கு அங்குலம்தான். ஓர் அங்குலம் நகர்த்த நாற்பது க்ளிக் திருப்ப வேண்டும்! நண்பர் எட்டு க்ளிக் திருப்பிவிட்டு 'அசையவே மாட்டேங்குது' என்றார். அசைந்திருக்கிறது, ஏறக்குறைய ஒரு குண்டின் அகலம். குமிழ் கடைசி வரை போய் நின்றுவிட்டால் மேலும் முறுக்காதீர்கள். குழல் கொஞ்சம் தலை குனிந்திருக்கும், கிளாம்ப்பின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்திப் பொருத்த வேண்டும்.

இன்னொரு திருடன், கண். கண்டக்டர் ஸீட்டிலிருந்து பார்த்தால் டிரைவரின் ஸ்பீடு முள் வேறு எண்ணைக் காட்டுமல்லவா, அதே சமாச்சாரம். நூறு கஜத்துக்கென்று அமைத்த ஸ்கோப்பில் பத்து கஜத்தைப் பார்த்தால், தலை அசைய அசைய அந்தக் கூட்டல் குறியும் அசையும். தூரத்துக்குத் தக்கபடி திருகிக்கொள்ளும் ஸ்கோப் இருந்தால் திருகுங்கள். இல்லையென்றால் கன்னத்தைத் தினமும் கட்டையில் ஒரே இடத்தில் வையுங்கள்.

ஸ்கோப் இல்லாத முள் துப்பாக்கி என்றால் பாடம் இன்னும் சின்னது. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்முள்ளை நகர்த்துங்கள். முன்முள் என்றால் எதிர்ப்பக்கம்.

ஒலிம்பிக்ஸ் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளிலும் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. பின்னால் ஒரு சின்ன ஓட்டை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். பத்துப் பாயின்ட் தருகிற புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். 2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். அபினவ் பிந்த்ரா 596 எடுத்து நான்காவது ஆளாக ஃபைனலுக்கு வந்திருந்தார். கணக்கில் சேராத ஒத்திகைக்காக முதல் குண்டைச் சுட்டார். விழுந்தது நாலில்! நடுவிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாத தூரம். தகுதிச் சுற்று முடிந்து ஃபைனலுக்கு வருவதற்குள் யாரோ குறிக்கருவியைத் திருகியிருக்க வேண்டும் என்று பின்னால் அவரே சந்தேகம் சொன்னார். அந்த நிமிஷம் சந்தேகப்பட நேரம் ஏது? நாம் என்றால் நடுவரிடம் ஓடியிருப்போம், அல்லது அழுதிருப்போம். அவர் குறிக்கருவியைத் திருப்பினார், சுட்டார், பார்த்தார், மறுபடி திருப்பினார்.

ஒத்திகை முடிந்து, கணக்கில் சேர்ந்த முதல் குண்டு 10.7. பத்தில் ஒன்றுகூடப் பத்துக்குக் கீழே போகவில்லை. கடைசிக் குண்டுக்கு முன்னால் ஃபின்லாந்துக்காரர் ஹாக்கினனும் இவரும் சமம். அவர் 9.7 சுட்டார். இவர் 10.8.